பாத்துக்குவோம் என்றவர்

நீதிமன்றத் தட்டச்சருக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. தேர்தலைக் கவனிக்க மேலைநாட்டுக் குழு ஒன்று வந்தபோது, மொழிபெயர்க்க அவரைத்தான் அமர்த்திக்கொண்டார்கள்.

பள்ளிக்கூட வகுப்பறையில் ஒரு கூட்டம். எதிர்க்கட்சி சார்பில் வாக்குச்சாவடியில் உட்கார ஆளில்லை. போன தடவை உட்கார்ந்தவர்கள் அடி வாங்கியிருந்தார்கள். குழுத் தலைவி எழுந்து, தாங்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்போம் என்றார். தட்டச்சர் எதிரே இருந்த வெளிறிய முகங்களைப் பார்த்தார். மனசு கேட்கவில்லை.

"பயப்படாதீங்க, நாங்க பாத்துக்குவோம்னு சொல்றாங்க."

முதலில் உயர்ந்த கை தட்டச்சரின் அக்கா புருஷனுடையது. தையல்காரர், ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர். "நீயே சொல்றப்போ என்ன பயம், மச்சான்?" என்று சிரித்தார்.

அவர் சாவடியில் எண்ணிய ஓட்டு ஒன்று, அதிகாரிகள் தாளில் எழுதியது வேறு. கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். குழு அதையும் குறித்துக்கொண்டு, மூன்றாம் நாள் விமானம் ஏறியது. நான்காம் நாள் காலையில் போலீஸ்காரர்கள் கடைக்குள் புகுந்து, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு அவரை இழுத்துப் போனார்கள்.

தட்டச்சர் தலைவிக்குப் போன் போட்டார். அந்தம்மா குரல் உடைந்துதான் பேசினார். அறிக்கையில் எழுதியாயிற்றாம். அதற்கு மேல் அதிகாரம் இல்லையாம். ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டவர்களோடு அவர் அரசாங்கம் துறைமுக ஒப்பந்தம் போட்டுவிட்டதாம். "எங்க நாட்லயும் தேர்தல் வருது. இதைப் பத்தி அங்க ஒருத்தரும் கேக்க மாட்டாங்க" என்றார்.

அக்கா பக்கத்திலேயே நின்றிருந்தாள். "என்னடா சொல்றாங்க?"

"வருத்தப்படுறாங்கக்கா."

"பாத்துக்குவோம்னாங்களே?"

"அவங்க அப்படிச் சொல்லலக்கா. பாத்துக்கிட்டு இருப்போம்னுதான் சொன்னாங்க. நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்."

அக்கா திட்டவில்லை. "அவருகிட்ட இதைச் சொல்லிடாத. உள்ள கெடக்கிற மனுஷனுக்கு அந்த ஒரு வார்த்தையாவது இருக்கட்டும்."

தட்டச்சரும் சொல்லவில்லை. ஒவ்வொரு செவ்வாயும் சிறையில் கம்பி வலைக்கு அந்தப் பக்கமிருந்து தையல்காரர், "அந்தம்மா ஏதாச்சும் சொன்னாங்களா?" என்று கேட்பார். "பேசிக்கிட்டு இருக்காங்க, அத்தான்" என்பார் தட்டச்சர்.

ஏழாம் மாதம் காய்ச்சலில் தையல்காரர் போய்ச் சேர்ந்தார். காரியமெல்லாம் முடிந்ததும் அக்கா கடையைக் காலி செய்துவிட்டு மகள் வீட்டுக்குக் கிளம்பினாள். தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள். தம்பி வாசலில்தான் நின்றிருந்தார். அவரிடம் மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை.