வாடகைக்காரின் பெரிய பல்பு

ஓட்டமாவடியிலிருந்து புளியந்தீவுக்கு என்னை ஏற்றிவந்த வாடகைக்கார் சாரதி நரைத்த தாடிக்காரர். வழியில் டயர் பழுதாகித் தாமதமானது. பொழுது சாய்ந்ததும் வாவிக்கரையில் காரை நிறுத்திவிட்டார். இருட்டிவிட்டால் அவர் ஓட்டுவதில்லையாம். முன்விளக்குகளில் பல்பே இல்லை.

“சின்ன பல்பாவது போடலாமே, காக்கா?” என்று அவர்கள் வழக்கப்படி அண்ணன் முறை வைத்துக் கேட்டேன்.

“அதுதான் முந்தி இருந்தது, தம்பி. ஆனைக்குப் பயந்து பெரிசு போட்டன். எனக்கு ரோட்டு பகல் மாதிரித் தெரிஞ்சது. எதிரே வந்த வண்டில்காரனுக்குக் கண் கூசி ஒண்டும் தெரியல்ல. மாட்டோட வாவிக்குள்ள விழுந்துட்டான். அவன் தாழுறத அந்த வெளிச்சத்தில முழுக்கப் பார்த்தன். எனக்கு நீந்தத் தெரியா.”

“நீங்க வேணுமெண்டு செய்யல்லையே.”

“அவன்ட பெண்சாதியும் அதத்தான் சொல்றா. அதுதான் தாங்க ஏலாம இருக்கு.”

நான் இறங்கி மீதி வழியை நடக்கத் தொடங்கினேன். விடியும்வரை அங்கேயே இருக்கப் போகிறவர்போல் அவர் காரின் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டார்.