இனிப்பு டீக்குப் பயந்த வீரன்

கப்பும் சாஸரும் கடகடவென்று மோதிக்கொண்ட அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து, நான் போட்ட டீயை ஒரே ஒரு வாய் குடித்துவிட்டு, ஆறடி உயர அஜர்பைஜான்காரன் ஒருவன் அப்படி நடுங்கினான். ஏசி ஓடிக்கொண்டிருந்தது, அவனுக்கோ நெற்றியெல்லாம் வேர்வை. இன்று அவன் ஊரில் பள்ளிக்கூடத்துக்கு அவன் பெயர். நாட்டுக்காக உயிரைக் கொடுத்த வீரன் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். எனக்கு என்றைக்கும் அவன் தம்பிதான்.

இங்கே வளைகுடாவில், ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் என் வீட்டுக்காரருக்குக் கீழே அவன் வேலைக்குச் சேர்ந்த புதிது. "பாவம், தனியா கிடக்கான்" என்று பொங்கலன்று இவர் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வந்ததும் சமையலறையில் எட்டிப் பார்த்து, "அவங்க ஊர்ல டீயில பால் ஊத்த மாட்டாங்க, பார்த்துப் போடு" என்றார். அரைகுறையாகத் தெரிந்துகொண்டு அதிகாரம் பண்ணுவதில் இவரை மிஞ்ச ஆளில்லை. நானும் பால் ஊற்றாமல், பண்டிகை நாளாச்சே என்று சர்க்கரையை அள்ளிப் போட்டேன். விசிட் விசாவில் வந்திருந்த என் தங்கை, பட்டுப்புடவையும் தலை நிறைய பூவுமாக டீத் தட்டைக் கொண்டுபோய் நீட்டினாள்.

ஒரு வாய்தான். அவன் என் தங்கையைப் பார்த்தான், என் வீட்டுக்காரரைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். பிறகு எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து இங்கிலீஷில் சொன்னான். "மேடம், உங்கள் குடும்பம் ரொம்ப நல்ல குடும்பம். ஆனால் என்னை மன்னிக்க வேண்டும். ஊரில் எனக்கு ஒரு பெண் இருக்கிறாள்." எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. "ஏன் தம்பி, சுகர் இருக்கா? முதல்லயே சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அவர்கள் ஊரில் டீயை வெறுமனே கொடுத்து, சர்க்கரைக் கட்டியைத் தனியாக வைப்பார்களாம். பெண் கேட்டுப் போன வீட்டில் சர்க்கரை கலந்த டீ வந்தால், பெண்ணைக் கொடுக்கச் சம்மதம் என்று அர்த்தமாம். என் தங்கை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். ஊருக்குப் போகிறவரைக்கும், "என்னை வேண்டாம்னு சொன்ன முதல் மாப்பிள்ளை எங்கே, இன்னைக்கு வரலையா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அன்றிலிருந்து மேடம் போய் அக்கா ஆனேன். அந்தப் பெண்ணின் அப்பாவிடம் வாயைத் திறக்கவே அவனுக்குப் பயம் என்று பிற்பாடு தெரிந்தது. "என் டீக்கே இந்த நடுக்கம்னா, அங்கே போய் எப்படிப்பா உட்காருவே?" என்று வைதுதான் அந்த லீவுக்கு ஊருக்கு அனுப்பினேன். கல்யாணமும் ஆயிற்று. அவள் டீச்சர். மாசமாக இருந்தபோதுதான் அங்கே போர் மூண்டது. "உன்னை யாரும் கூப்பிடலையே, இங்கேயே இரு" என்று என் வீட்டுக்காரர் கெஞ்சிப் பார்த்தார். "என்னோடு படித்தவர்கள் எல்லாம் போயிருக்கிறார்கள் அண்ணா. நான் இங்கே உட்கார்ந்து போனில் பார்த்துக்கொண்டிருக்கவா?" என்றான். காயம்பட்ட இரண்டு பேரைத் தூக்கி வந்து சேர்த்துவிட்டு, மூன்றாவது ஆளைக் கொண்டுவரப் போனவன் திரும்பவில்லை. எத்தனையோ நாள் நான் அடுப்படியில் நின்று அழுதிருக்கிறேன்.

ஈத் விடுமுறை வந்தால் வளைகுடாவில் பாதிப் பேர் அவன் நாட்டுத் தலைநகர் பாக்குவுக்கு டிக்கெட் போடுகிறார்கள். போன ஈதுக்கு நாங்களும் போனோம். மற்றவர்கள் மலையையும் பனியையும் பார்க்க, நாங்கள் அவன் ஊருக்குக் கார் பிடித்தோம். பள்ளிக்கூட வாசலில் ஆளுயரப் படம். இறுகிய வாய், முறைத்த கண். இவனா? பல் தெரியாமல் அவன் முகத்தை நான் பார்த்ததே கிடையாது.

மறுநாள் அங்கே அவனுடைய நினைவு விழா. மகள் மேடையில் கவிதை சொல்ல வேண்டும். அப்பாவைப் பார்க்காமலே பிறந்த குழந்தை, நாங்கள் அவன் வீட்டுக்குப் போனபோது காய்ச்சல் வந்தவள் மாதிரி மேஜைக்கு அடியில் சுருண்டு கிடந்தாள். போகிறவர் வருகிறவர் எல்லாம், "வீரன் மகள் பயப்படலாமா?" என்றார்களாம். அவள் முனகியதை அவளுடைய அம்மா எனக்கு இங்கிலீஷில் சொன்னாள். "அப்பாவுக்குப் பயமே கிடையாதாமே. எனக்கு மட்டும் ஏன் வருது? நான் அவர் பொண்ணு இல்லையா?"

நான் அவள் பக்கம் போனேன். அப்படியே தரையில் உட்கார்ந்து, ஒரு கப்பையும் சாஸரையும் கையில் எடுத்துக்கொண்டு, அவன் நடுங்கிய நடுக்கத்தை நடித்துக் காட்டினேன். சம்பந்தம் பேசிவிட்டோம் என்று பயந்து அவன் கதவைப் பார்த்த பார்வையையும் விடவில்லை. மொழிபெயர்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்குப் பாதியில் பேச்சு நின்றுவிட்டது. "இதை என்னிடம் சொல்லவே இல்லையே, திருடன்!" என்று சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். மேஜைக்கு அடியிலிருந்து ஒரு தலை வெளியே வந்தது. "நிஜமாவா? டீக்கா?"

மறுநாள் மேடையில் அவள் கால் நடுங்கியது பின்வரிசையிலிருந்த எனக்கே தெரிந்தது. கவிதையைத் தொடங்காமல் மைக்கில் வேறு ஏதோ சொன்னாள். தலைமையாசிரியர் விழித்தார். பக்கத்திலிருந்த அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக் காதில் சொன்னாள்: "எங்க அப்பாவுக்கும் பயம் வரும். அத்தை வீட்டு டீயைக் குடித்து நடுங்கியிருக்கிறார். அப்படியும் போய்ச் சண்டை போட்டார்." பிறகு அவனைச் சின்ன வயதிலிருந்து தெரிந்த கிழவர் ஒருவர் வெடித்துச் சிரித்தார். கூடம் முழுக்கச் சிரிப்பு. அது அடங்கியதும் அவள் கவிதையை ஒரு வரி பிசகாமல் சொல்லி முடித்தாள்.

இறங்கி நேராக என்னிடம்தான் ஓடி வந்தாள். மூச்சு வாங்க அவள் கேட்டதை அம்மா சொன்னாள். "அப்பா வேற எதுக்கெல்லாம் பயப்படுவார்?"

நாளைக்கு டூட்டி, நாளைக்கு டூட்டி என்று காலையிலிருந்து முணுமுணுத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் போனை எடுத்தார். லீவை நீட்டச் சொல்லி ஆபீசுக்கு மெசேஜ் போட்டுவிட்டு, நாற்காலியை இழுத்து அவள் பக்கம் போட்டு உட்கார்ந்தார்.

"கரப்பான் பூச்சியில இருந்து ஆரம்பி" என்றார் என்னிடம்.