பெர்னடெட் முகர்ந்த கிணறுகள்

குருநகர்க் கரையில் பிறந்தவர்களுக்குக் காற்று என்ன கொண்டு வருகிறது என்று சொல்லத் தெரியும். பெர்னடெட்டுக்கு அது மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தெரிந்தது. ஒரு கூடை மீனுக்கு மேல் கண்ணை மூடிக் குனிந்தாளென்றால், எது விடியற்காலை வலையில் வந்தது, எது முதல்நாள் மிச்சம் என்று பிரித்து வைத்துவிடுவாள். வானம் வெளுத்துக் கிடக்கும்போதே, "கொடியிலை கிடக்கிற உடுப்பை எடுங்கோ, மண்டைதீவுப் பக்கம் மழை" என்று பக்கத்து வீடுகளுக்குக் குரல் கொடுப்பாள். சற்று நேரத்தில் தூறல் வந்து சேரும்.

அந்த மூக்கு ஒரு தொழிலாகும் என்று அவளைப் பெற்றவர்கள் நினைத்திருக்கமாட்டார்கள். தொழிலாக்கியவன் அவளுடைய கணவன் சிமியோன். மேசன். கலியாணத்துக்கு முன் சில வருடங்கள் கொழும்பில் பெரிய வீடுகளுக்குக் கழிவுக் குழாய் பதிக்கிற வேலையில் நின்றவன். குழாய் எங்காவது கசிகிறதா என்று அறிய அங்கே ஒரு வழக்கம் இருந்தது. மேல் வாயில் பெப்பர்மின்ட் எண்ணெயை ஊற்றி, பின்னால் கொதிநீரையும் ஊற்றுவார்கள். வேறொருவர் கீழே அறை அறையாகப் போய் மூக்கால் தேடுவார். ஊற்றியவர் ஒருபோதும் தேடக்கூடாது. அவருடைய கை, சட்டை, மூச்சு எல்லாவற்றிலும் அந்த வாசம் ஏறியிருக்கும்.

சிமியோன் ஊருக்குத் திரும்பியது ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளின் நடுவில். மலாயாவில் உத்தியோகம் பார்த்துப் பென்சனோடு வந்தவர்கள் கல்வீடு கட்டி, வளவின் மூலையில் கக்கூசும் அதற்கொரு குழியும் கட்டிக்கொண்டிருந்த காலம். யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. மண்ணைக் கொஞ்சம் கிளறினால் கல். அந்தக் கல்லெல்லாம் பொந்து. குடிக்கிற தண்ணீர் அந்தப் பொந்துகளுக்குள்தான் இருக்கிறது. கிணறு வெட்டியதும் அந்தக் கல்லில், குழி வெட்டியதும் அதே கல்லில். வீடு வாங்குகிறவர்களும் சீதனமாக எடுக்கிறவர்களும் காணி உறுதி எழுதுமுன் ஒன்றைக் கேட்கத் தொடங்கினார்கள்: உந்தக் குழிக்கும் இந்தக் கிணற்றுக்கும் கீழாலை பாதை ஏதும் இருக்கோ?

மேலே நிற்கிற எவராலும் அதைச் சொல்ல முடியாது. சிமியோன் சொன்னான், "நான் ஊத்திறன். என்ரை மனுசி மணந்து சொல்லுவாள்."

அன்றிலிருந்து சோதனை நாட்களில் அவர்கள் சேர்ந்து போவதில்லை. எண்ணெய்ப் போத்தலும் கேத்திலுமாக அவன் சைக்கிளில் முதல்நாள் போய் ஊற்றிவிட்டு, அந்த ஊரிலேயே யாராவது கொத்தன் வீட்டுக் கொட்டிலில் தங்கிவிடுவான். அவள் அடுத்த நாள் வேறு பாதையால் பஸ்ஸில் போவாள். அவன் தொட்ட பையைக்கூட அவள் தொடமாட்டாள். பேச வேண்டியிருந்தால் வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று பேசுவார்கள். தவக்காலம் மாதிரி இருக்கிறது என்று சிமியோன் சலித்துக்கொள்வான்.

இணுவிலில் பஞ்சலிங்கம் என்ற பென்சன்காரர் ஒரு வீடு வாங்கக் கேட்டிருந்தார். விற்கிற வீட்டுக்காரி பராசக்தி. பெர்னடெட் கிணற்றுக்கட்டுக்கு வெளியே நின்றாள். அந்த வீடுகளில் அவளுடைய சாதியார் துலாக்கயிற்றைத் தொட முடியாது. அது சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த விசயம். பராசக்தி அள்ளி, உயரத்தில் பிடித்து வார்க்க, இவள் இரண்டு கைகளையும் குவித்து ஏந்தினாள்.

"அங்கை நிண்டே மணக்காதோ உனக்கு?" என்றாள் பராசக்தி. "உன்ரை மூக்குக்கு ஒரு பூட்டுப் போட வேணும். நேற்று நாங்கள் காய்ச்சின குழம்பையும் சொல்லிப்போடுவாய்."

"முருங்கைக்காய்க் குழம்பு, அக்கா. அடிப்பிடிச்சுப் போச்சு."

பராசக்தி சிரித்ததில் வாளித் தண்ணீர் பாதி அவளுடைய சேலையில் ஊற்றுண்டது. பஞ்சலிங்கம் வேலிப் பக்கம் திரும்பித் தம் சிரிப்பை மறைத்தார்.

ஏந்திய தண்ணீரை முகத்தருகே கொண்டுபோய்ப் பெர்னடெட் கண்ணை மூடுவாள். அப்போது அவளுக்குக் குடாநாட்டின் கீழே இன்னொரு குடாநாடு தெரியும். வெயில் விழாத ஒடுங்கிய தெருக்கள், ஒழுங்கைகள். அவற்றில் தண்ணீர் சத்தமில்லாமல் நடந்து போகும், யாரையும் எழுப்ப விரும்பாதவரைப்போல. அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் ஒவ்வொரு கிணறும் ஒரு வட்ட வானம். அந்த வானத்திலிருந்து பனையோலைப் பட்டைகளும் வாளிகளும் இறங்கி வந்து, கொஞ்சம் இருளை அள்ளிக்கொண்டு ஏறிப் போகும். பெப்பர்மின்ட் வாசம் அந்த ஒழுங்கைகளுக்குப் புதிய ஆள். வழி தெரியாமல் தடவித் தடவி வரும். சில வேளை வரவே வராது. வந்தாலும் தன் பாட்டில்தான் வரும் என்பதால், இரண்டாம் நாளும் முகராமல் அவள் எந்தக் கிணற்றுக்கும் நல்ல சொல் சொன்னதில்லை. பராசக்தியின் கிணற்றில் இரண்டு நாளும் கல்லின் குளிர்ந்த மணம் மட்டுமே இருந்தது. பஞ்சலிங்கம் வீட்டை வாங்கினார்.

இப்படி எத்தனையோ நல்ல தண்ணீரை ஏந்திவிட்டு அவள் திரும்பி வருவது சவர்த் தண்ணீருக்கு. கரையோரத்து வாடகைக் குடிலில் கிணறு இருந்தது. அதில் கடல் இருந்தது. பருப்பு அவியாது. தேத்தண்ணி கரிக்கும். தலையில் தேய்த்த சவர்க்காரம் நுரைக்காமல் பசைபோல மயிரில் ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை மருதனார்மடத்துச் சந்தையில் அவள் வாசச் சவர்க்காரக் கட்டி ஒன்று வாங்கி, உப்புத் தண்ணியில் கரைக்க மனமில்லாமல், துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். "எங்கடை கிணத்தடியிலை நிண்டு நுரைக்க நுரைக்கத் தோய வேணும்," என்பாள். "பிறகு கண் எரியுது எண்டு அழுவாய்," என்பான் சிமியோன்.

அந்தக் கிணறு ஈச்சமோட்டைப் பக்கத்தில் கிடைத்தது. லூர்த்தம்மா என்ற விதவை, மன்னாரில் இருக்கும் மகளோடு போய்ச் சேருவதற்காகத் தன் சிறிய வீட்டை விற்க நின்றாள். இரண்டு அறையும் ஒரு குசினியும், மாதுளை ஒன்றும். தண்ணீர் இளநீர் மாதிரி. காணி முன்பே இரண்டாகப் பிரிந்து, கிணறு மட்டும் இரண்டு வளவுக்கும் பொதுவாக எல்லையில் நின்றது. மற்றப் பங்கு, தபால் கந்தோரிலிருந்து ஓய்வு பெற்ற நீக்கிலாப்பிள்ளைக்கு. அவருடைய கக்கூசுக் குழி எல்லைக்கு அப்பால், கிணற்றிலிருந்து அதிக தூரமில்லை.

பட்டணத்து வியாபாரி ஒருவரும் அந்த வீட்டைக் கேட்டிருந்தார். ஆனாலும் லூர்த்தம்மாவுக்குப் பெர்னடெட்டைப் பிடித்துக்கொண்டது. "நீங்கள் எடுங்கோ பிள்ளை. மாதுளைக்குத் தண்ணி ஊத்திற ஆளாய்த் தெரியுது," என்றாள்.

மற்றவர்களுக்குச் செய்வதைத் தங்களுக்கும் செய்வதென்று இருவரும் முடிவெடுத்தார்கள். சிமியோன் நீக்கிலாப்பிள்ளையின் குழியில் எண்ணெயையும் கொதிநீரையும் ஊற்றினான். பெர்னடெட் அடுத்த நாள் போய், இந்த முறை தன் கையாலேயே அள்ளி முகர்ந்தாள். ஒன்றுமில்லை. மாதுளம்பூ வாசம்கூட இருந்தது, பெப்பர்மின்ட் இல்லை. அன்று முழுவதும் அவள் அந்த வீட்டுக்குள் மனத்தால் குடியிருந்தாள். மாதா படத்தைக் கிழக்குச் சுவரில் மாட்டினாள். குசினி வாசலில் ஒரு குடம் வைத்தாள்.

இரண்டாம் நாள் காலை வாளியை ஏற்றி, தண்ணீரைக் கையில் ஏந்தினாள். இருந்தது. மெல்லிய குளிர்ச்சியாக, தேவாலயத் திருவிழாவில் யாரோ சுவைக்கிற இனிப்பு தூரத்தில் மணப்பதுபோல.

படலைக் கதவுக்கு வெளியே சிமியோனின் குரல் கேட்டது. "பெர்னா, என்ன சொல்லுது?"

"மணக்குது."

பிறகு அவன், "அது நானாய்த்தான் இருக்கும்," என்றான்.

"நீங்களோ?"

"விடிய வந்து ஒரு வாளி அள்ளிப் பாத்தனான். பொறுக்கேலாமல் போச்சு. கயித்திலை என்ரை கைவாசம் பட்டிருக்கும்."

இத்தனை வருடத்தில் ஒரு கிணற்றடிக்கும் போகாதவன், தன் கிணறு என்று வந்ததும் போய்விட்டான். பெர்னடெட் கயிற்றை மூக்கருகே பிடித்தாள். ஓம், கயிறும் மணந்தது.

லூர்த்தம்மாவின் முகம் தெளிந்தது. "கயிறுதான் பிள்ளை. வேறை என்ன? எத்தினை வருசமாய்க் குடிக்கிறன், எனக்கு ஒண்டும் வரேல்லையே."

சத்தம் கேட்டு வந்த நீக்கிலாப்பிள்ளையும், "கயிறுதான், கயிறுதான். என்ரை குழி கல்லுக் குழி," என்றார்.

பெர்னடெட் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். விற்கிறவளுக்குக் கயிறாக இருக்கவேண்டும். குழிக்காரருக்குக் கயிறாக இருக்கவேண்டும். படலைக்கு வெளியே நிற்கிறவனுக்கு எல்லோரையும்விடக் கயிறாக இருக்கவேண்டும். தன் மூக்கும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. ஓம், கயிறு என்று ஒரு சொல் சொன்னால் போதும். பெட்டிக்குள் கிடக்கும் சவர்க்காரக் கட்டியை அன்று பின்னேரமே எடுத்துவிடலாம்.

"ஐயா, உங்களிட்டைப் புதுக் கயிறு இருக்கோ? ஒருத்தரும் தொடாதது?" என்று கேட்டாள்.

நீக்கிலாப்பிள்ளையிடம் கட்டுப் பிரிக்காத தும்புக் கயிறு ஒன்று இருந்தது. அவருடைய வீட்டுச் செம்பை அதில் கட்டினார்கள். பெர்னடெட் லூர்த்தம்மாவின் முதல்நாள் குடத்துத் தண்ணீரில் கையைச் சாம்பல் போட்டு இரண்டு தரம் கழுவினாள். பழைய கயிற்றைத் தொடாத நீக்கிலாப்பிள்ளையே செம்பை இறக்கி, அள்ளி, அவள் கையில் வார்த்தார்.

அவள் கண்ணை மூடினாள். கீழே அந்த ஒழுங்கையில் புதிய ஆள் வந்துகொண்டிருந்தான். தடுமாற்றமே இல்லை. நல்ல அகலமான பாதை அவனுக்கு.

"கயிறில்லை," என்றாள். விரல்களுக்கு இடையால் தண்ணீர் ஒழுகி மாதுளையடிக்குப் போனது.

லூர்த்தம்மா கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நீக்கிலாப்பிள்ளை செம்பைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், தன் வளவு மூலையைப் பார்த்தார். "அப்ப நான்," என்று மெல்லத் தொடங்கினார், "என்ரை குழியைத்தானோ இவ்வளவு காலமும் குடிச்சனான்?"

"நீங்கள் மட்டுமில்லை அண்ணை," என்று உள்ளேயிருந்து லூர்த்தம்மாவின் குரல் வந்தது. "எனக்கும் பங்கு இருக்கு."

திரும்பிப் போகும்போது சிமியோனும் பெர்னடெட்டும் தெருவின் இரண்டு ஓரமாக நடந்தார்கள். இனித் தள்ளி நடக்கத் தேவையில்லை என்பது இருவருக்கும் நினைவு வரவில்லை. கடற்காற்று தொடங்குகிற இடத்தில்தான் அவன் இந்தப் பக்கம் வந்தான். "நான் அள்ளாமல் விட்டிருந்தாலும் உதுதானே," என்றான். "ஓம்," என்றாள் அவள். அவனுடைய சட்டை பெப்பர்மின்ட் மணந்தது. அந்த ஒரு நாள் அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

சில நாள் கழித்து லூர்த்தம்மா குருநகருக்குத் தேடி வந்தாள். குடிலுக்குள் இருந்து சவர்த் தேத்தண்ணியைக் குடித்து முகத்தைச் சுளித்தாள்.

"அந்த வியாபாரி திரும்பவும் வந்தவர்," என்றாள். "வாசல் முத்தத்திலை நிண்டு தண்ணி கேட்டார். எனக்குக் கை வரேல்லை. ஒரு செம்பு தண்ணி குடுக்கேலாத கிணத்தை வித்துப்போட்டு மன்னாரிலை போய் நான் என்னெண்டு செபம் சொல்லிறது? நீக்கிலாப்பிள்ளை அண்ணை குழியை மாத்திறாராம். சிமியோனை வரட்டாம்."

சிமியோன் பழைய குழியை இறைத்து, சுண்ணாம்பு போட்டு, அடியைத் துப்புரவாக்கினான். மூலையில் ஒரு பிளவு தெரிந்தது. கை நுழையும் அகலம். உள்ளே கழுவித் துடைத்ததுபோல் வழுவழுப்பாக இருந்தது. கட்டிய மேசன் அடியில் கல் இருக்கிறதென்று நம்பி, கல்லை அப்படியே விட்டிருந்தான். சிமியோன் பிளவை அடைத்துக் குழியைச் செம்மண்ணால் நிரப்பினான். புதிய கழிவுத் தாங்கியை வளவின் மறுகோடியில் கட்டினான். அடித்தளம் போட்டு, சுவருக்கு இரண்டு பூச்சுப் பூசி, தண்ணீர் நிரப்பி, நீர்மட்டத்தில் கரிக்கோடு இழுத்தான். மறுநாள் தண்ணீர் கோட்டிலேயே நின்றது. அதற்குப் பிறகுதான் மூடி போட்டான். வழிகிற தண்ணீர் ஆழமில்லாத செம்மண் வாய்க்காலில் ஊறிப் போகும்படி விட்டு, பக்கத்தில் வாழைக்குட்டிகள் வைத்தான்.

மாரி வந்தது. கீழே ஒழுங்கைகள் நிரம்பி ஓடுவதாகப் பெர்னடெட் படுக்கையில் கிடந்து நினைத்துக்கொள்வாள். பழைய குழியின் அழுக்கையும் வாசத்தையும் கழுவி, அந்தத் தண்ணீர் தன் வீட்டு வாசலுக்கு முன்னால் வந்து கடலுக்குள் இறங்கும். லூர்த்தம்மா தூரத்துக் கிணற்றில் அள்ளிக் குடித்துக்கொண்டு, மகளுக்கு இன்று நாளை என்று சொல்லி அனுப்பிக்கொண்டு இருந்தாள்.

தை பிறந்து, வானம் வெளித்தபின், சிமியோன் புதிய தாங்கியில் எண்ணெய் ஊற்றினான். ஊற்றிய கையோடு சைக்கிளைத் தெருமுனைக்குத் தள்ளிக்கொண்டு போனான். "உந்த ஆளைப் பூட்டுப் போட்டுக் கட்டி வைச்சாலும் நல்லது," என்று லூர்த்தம்மா வேலிக்கு மேலால் சொன்னாள்.

முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் பெர்னடெட் கொண்டுவந்த துணிச் சுற்றைப் படலையடியில் வைத்துவிட்டு வந்து கையை ஏந்தினாள். லூர்த்தம்மா புதுக் கயிற்றில் அள்ளி வார்த்தாள். கீழே ஒழுங்கை வெறுமையாக இருந்தது. ஒருவரும் வரவில்லை. கல்லும் குளிரும் இருந்தன; எங்கோ மழை பெய்து முடிந்த மணம் இருந்தது. அவள் இன்னொரு கை வாங்கினாள். பிறகு இன்னொன்று. மூன்றாவதை முகரவில்லை, குடித்துவிட்டாள்.

தெருமுனையில் சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நின்றவனுக்கு அதிக நேரம் சத்தமொன்றும் வரவில்லை. வாளி இறங்குவதும் ஏறுவதும் மட்டும் கேட்டது. அவன் கிட்ட வந்தான். வேலியைத் தொடாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"பெர்னா, என்ன மணக்குது?"

வேலிக்கு மேலால் ஒரு வெள்ளை நுரை காற்றில் பறந்து வந்து, வெளியே நீட்டியிருந்த மாதுளையிலையில் ஒட்டியது. பின்னால் இன்னொன்று.

"சவர்க்காரம்," என்றாள் அவள். "கண் எரியுது."