கள்ளன் எடுக்காத பூ

மாரித்தாயின் விரல்நுனிகள் எப்போதும் கறுத்தே இருக்கும். இருபது வருசமாகச் சங்கரன்கோவில் கல்யாண மண்டபங்களில் வாழைப்பூ ஆய்கிற கை. போன தேர்தலில் ஓட்டுச்சாவடி அலுவலர் அந்த விரலைப் பார்த்துவிட்டு, “ஏற்கெனவே போட்டாச்சா?” என்றார்.

“வாழைப்பூக் கறைக்கும் உங்க மைக்கும் வித்தியாசம் தெரியாமலா சார் உக்காந்திருக்கிய?” என்று கேட்டு, ஓட்டைப் போட்டுவிட்டுத்தான் வெளியே வந்தாள். அவள் வாய் அப்படி.

அந்த வாயால் அவள் பிழைப்பே போக இருந்தது, போன ஆவணி முகூர்த்தத்தில். ஆறு மணிக்கு வர வேண்டிய முப்பது பூவும் புளியங்குடியிலிருந்து எட்டரைக்குத்தான் வந்து இறங்கின. கூட ஆய வேண்டிய பேச்சிக்குக் காய்ச்சல். பன்னிரண்டுக்குப் பந்தி.

சமையல் கான்ட்ராக்டர் செல்வமணி, “கள்ளன் எடுக்க நேரமில்ல. அப்படியே அரிஞ்சு போடு” என்றார்.

கள்ளன் என்பது வாழைப்பூ மடல்களுக்குள் இருக்கும் ஒவ்வொரு சின்னப் பூவிலும் தீக்குச்சி மாதிரி நிற்கும் நரம்பு. எவ்வளவு கொதித்தாலும் வேகாது.

“பல்லுல சிக்கும் அண்ணாச்சி. நான் அரிய மாட்டேன்.”

“முந்நூறு பேருல எவன் கண்டுபிடிக்கப் போறான்? முடியாதுன்னா நாளைல இருந்து வராண்டாம்.”

அவர் தரும் சம்பளத்தில்தான் அவள் வீடு ஓடுகிறது. ஆனாலும் கூடையைத் தூக்கிக்கொண்டு நேரே மண்டபத்துக்குள் போனாள். பட்டுச்சேலைப் பெண்கள் போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

“எம்மா, தாலி கட்ட இன்னும் ஒன்றரை மணி நேரம் கெடக்கு. கை சும்மாதான இருக்கு?”

மணப்பெண்ணின் அத்தை மாலாதான் சிரித்துக்கொண்டே முதலில் உட்கார்ந்தாள். பிறகு பதினைந்து பேர். மடிக்கு ஆளுக்கொரு பழைய துண்டு, உள்ளங்கைக்கு எண்ணெய். பூநுனியை உள்ளங்கையில் தேய்த்தால் கள்ளன் தலை விரியும், ஒரே இழுப்பில் வந்துவிடும் என்று மாரித்தாய் செய்து காட்டினாள். ஆய்ந்ததெல்லாம் மோர்த்தண்ணீரில் விழுந்தது. பத்து மணிக்குள் கூடை காலி.

செல்வமணிக்கு முகம் சிவந்துவிட்டது. “விருந்தாளியள வேலை வாங்கிட்டியே. என் மானம் போச்சு. இனிமே இந்தப் பக்கம் வராத.”

இரண்டாம் பந்தியிலேயே வாழைப்பூக் கூட்டு தீர்ந்துபோனது. கேட்டவர்களுக்கு இல்லையென்று சொல்லி அலுத்துப்போய் செல்வமணி பின்பக்கம் வந்தபோது, மாரித்தாய் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

“நாளைக்குக் கரிவலம்வந்தநல்லூர் கல்யாணத்துல என்ன கூட்டு?” என்று கேட்டாள்.

“வாழைப்பூதான். ஒன்னத்தான் வராண்டாம்னு சொல்லிட்டேன்லா?”

“காதுல விழுந்துது. கள்ளனோட அரியணும்னா நீரே அரிஞ்சுக்கிடும்.”

மறுநாள் விடியற்காலை செல்வமணியின் வேன் அவள் தெருமுனையில் நின்று ஹாரன் அடித்தது. மாரித்தாய் அவசரப்படவில்லை. தலையை வாரி முடிந்துகொண்டுதான் கதவைத் திறந்தாள்.