நடிக்க வந்த நோயாளி

தன்னுடைய அறைக் கதவைத் தானே தட்டிவிட்டு உள்ளே வருகிற ஒரு டாக்டரிடம் நான் வேலை பார்த்திருக்கிறேன். வல்லம் வடகாலில் நான் நர்ஸாக இருக்கும் தொழிற்சாலையின் மருத்துவ அறை அது. நோயாளி நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பேன். அவர் வெளியே நின்று, நோயாளியின் விவரம் எழுதிக் கதவில் ஒட்டியிருக்கும் துண்டுத் தாளைப் படித்து, மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு தட்டுவார். உள்ளே வந்ததும், தினமும் பார்க்கிற என்னிடமே தன் பெயரைச் சொல்லி, என்னை எப்படிக் கூப்பிட்டால் எனக்குப் பிடிக்கும் என்று இங்கிலீஷில் கேட்பார். நான் சிரிக்கக் கூடாது. சிரித்துவிட்டால் வெளியே போய் மறுபடியும் முதலிலிருந்து தட்டுவார். சிரிப்பை அடக்குவதில் நான் அவ்வளவு சமர்த்து கிடையாது. பாவம், நிறைய தட்டினார்.

இங்கிலாந்தில் டாக்டராக வேலை பார்க்க உரிமம் வேண்டுமென்றால் எழுத்துத் தேர்வோடு இன்னொன்றும் உண்டு. வரிசையாக அறைகள், பல அறைகளில் ஒரு நடிகர் நோயாளியாக உட்கார்ந்திருப்பார். மணி அடித்ததும் உள்ளே போய்ப் பேசி, வியாதி என்னவென்று பிடித்து, அடுத்த மணிக்குள் ஆறுதலும் சொல்லி முடிக்க வேண்டும். மூலையில் ஒருவர் மார்க் போட்டுக்கொண்டிருப்பார். டாக்டரம்மா அங்கே போய் முதல் முறை தோற்றுவிட்டு வந்தவர். வைத்தியத்தில் குறையில்லை, பேச்சில்தான் கோட்டைவிட்டார். நெஞ்சுவலி என்று உட்கார்ந்திருந்த நடிகரிடம், கவலைப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது என்று சொல்லியிருக்கிறார். நம் ஊரில் அதைச் சொல்லாத டாக்டரை டாக்டர் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அங்கே அது பொய் ஆறுதலாம். உனக்கு என்னவாக இருக்கும் என்று நினைக்கிறாய், எதை நினைத்துப் பயப்படுகிறாய் என்று நோயாளியைக் கேட்க வேண்டுமாம். இவர் கேட்கவே இல்லை.

அவருடைய கணவரும் டாக்டர். அதே தேர்வில் முதல் முறையிலேயே தேறி, அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டார். எப்படியும் இவரும் அங்கே போகத்தான் போகிறார். போகிற விதம்தான் தெரியவில்லை. "டாக்டரா போறேனா, டாக்டர் பொண்டாட்டியா போறேனா, அவ்ளோதான் சிஸ்டர்" என்று ஒருநாள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே சொன்னார். மாமியார் போனில், எழுதினதெல்லாம் போதும், வந்து குடும்பம் நடத்து என்று ஆரம்பித்துவிட்டாராம். இன்னொரு தடவை தோற்றால் அதற்கு எதிர்ப்பேச்சுப் பேச வாய் இருக்காது. எனக்கு அப்போது பெரிய பரிதாபமெல்லாம் வரவில்லை. பென்னலூரில் பிறந்து, கம்பெனி பஸ்ஸில் போய்வந்துகொண்டிருக்கிற எனக்கு அது வசதியானவர்களின் கவலையாகத்தான் பட்டது.

முதலில் அந்தக் கேள்வியை நிஜ நோயாளிகளிடமே பழகிப் பார்த்தார். தலைவலி என்று உற்பத்தி லைனிலிருந்து வந்தவரிடம், "உங்களுக்கு என்னவா இருக்கும்னு நினைக்கிறீங்க?" என்றார். அந்த ஆள் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இன்னா சிஸ்டர், அது தெரிஞ்சா நான் இன்னாத்துக்கு இங்க வரேன்?" வயிற்றுவலி என்று வந்த ஒரு பெண், "டாக்டர் நீங்களா, நானா?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டாள். கொஞ்ச நாளில் கேன்டீனில் பேச்சு கிளம்பிவிட்டது. மெடிக்கல் ரூமில் இருக்கிற டாக்டருக்கு ஒன்றும் தெரியாது, நம்மையே கேட்டு எழுதிக்கொள்கிறார் என்று. ஒரு சூப்பர்வைசர் என்னிடம் குரலைத் தாழ்த்தி, "அந்தம்மா நெஜமாவே படிச்சுதா?" என்று விசாரித்தார். சிரிப்பார் என்று நினைத்து டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்குப் பிறகுதான் நடிக்க ஆள் பிடித்தோம். என் மூஞ்சியையே எத்தனை நாள் பார்ப்பது? மத்தியானம் ஷிப்ட் மாறும்போது பஸ் கிளம்பக் கொஞ்ச நேரமாகும். அந்த நேரத்தில் வருகிறவர்களுக்கு, உனக்கு மூட்டுவலி, உனக்குத் தூக்கம் வரவில்லை என்று நான் கதை சொல்லிக்கொடுப்பேன். தமிழில்தான் பேசுவார்கள். இங்கிலீஷ் எனக்கு இருக்கு, கேக்குற பழக்கம்தான் இல்ல என்பார் டாக்டரம்மா. இந்த விளையாட்டு எல்லோருக்கும் பிடித்துப்போனது. மருத்துவ அறைப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள்கூட வந்தார்கள். எட்டிப் பார்க்காததற்குக் காரணம் உண்டு. மாத்திரை கொடுக்கிற அதே மேஜையில்தான் ஃபிட், அன்ஃபிட் என்று டாக்டர் கையெழுத்துப் போடுவார். காண்ட்ராக்ட் ஆளுக்கு அன்ஃபிட் என்று எழுதினால் வேலை போனது மாதிரிதான். அதனால் உண்மையான வலியோடு யாரும் லேசில் வரமாட்டார்கள். தைலம் கேட்பார்கள், கேஸ் மாத்திரை கேட்பார்கள், போய்விடுவார்கள்.

சரக்குத் தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டிக்கு, வல்லக்கோட்டையிலிருந்து வருகிற டிரைவர் ஒருவர் இருந்தார். நாற்பதைத் தாண்டியவர், காண்ட்ராக்ட். அடிக்கடி கேஸ் மாத்திரைக்கு வருவார். டாக்டரம்மா தலையைத் தூக்கினால், "சாப்பாடு ஒத்துக்கல மேடம்" என்று நழுவிவிடுவார். அவரே ஒருநாள் வந்து, "நானும் ஆக்ட் குடுக்கட்டா சிஸ்டர்?" என்று கேட்டார். அவருக்கு நெஞ்சுவலிக் கதையைக் கொடுத்தேன், டாக்டரம்மா தோற்றுப்போன அதே கதை. அப்பா மாரடைப்பில் போய்விட்டார், தனக்கும் அதுதான் வருமோ என்று பயமாக இருக்கிறது என்று கடைசியில் சொல்ல வேண்டும் என்றேன். சரி சரி என்று தலையாட்டினார்.

கதவு தட்டப்பட்டது. டாக்டரம்மா வந்து உட்கார்ந்து, என்ன பண்ணுது என்று கேட்டார். "லோடு ஏத்திக்கினு திரும்பசொல்ல இங்க புடிக்குது மேடம். இந்தக் கை வரைக்கும் இழுக்குது. வண்டிய ஓரங்கட்டிட்டு குந்திக்கினேன்னா வுட்டுடுது. ஆடிலேர்ந்து இப்டித்தான் கீது." இவ்வளவு நான் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆள் பெரிய நடிகன்தான் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். டாக்டரம்மாவும் அன்று நன்றாகச் செய்தார். அவசரமே படாமல், நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்து, "இதுல உங்களுக்கு எது ரொம்ப பயமா இருக்கு?" என்று கேட்டார்.

டிரைவர் நான் சொல்லிக்கொடுத்த அப்பா கதைக்குப் போகவில்லை.

"நீங்கதான் மேடம்" என்றார். "நீங்க அன்ஃபிட்னு எழுதிட்டீங்கன்னா நாளைக்கு எனுக்கு வண்டி இல்ல. பொண்ணு பன்னெண்டாவது படிக்கிது."

இந்த இடத்தில் சொல்ல வேண்டிய ஆறுதல் வாக்கியம் டாக்டரம்மாவுக்கு மனப்பாடம். கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடம். அவர் அதைச் சொல்லவில்லை. டிரைவரின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துவிட்டு, "சிஸ்டர், ஈசிஜி எடுக்கணும்" என்றார்.

டிரைவருக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்துவிட்டார். "மேடம், நான் சும்மா ஆக்ட் குடுத்தேன். நீங்க ஆக்ட் தான குடுக்க சொன்னீங்க? பஸ் பூடும், நான் கெளம்பறேன்." சட்டைப் பொத்தானைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் கதவுக்குக் குறுக்கே போய் நின்றேன். "அண்ணா, தயவுசெஞ்சு படுங்க" என்றார் டாக்டரம்மா. அவர் ஆலையில் யாரையும் அண்ணா என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. படுத்தார். மெஷினிலிருந்து வந்த தாளைப் பார்த்த டாக்டரம்மா ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னார். அவரும் கூடவே ஏறிப் போனார்.

ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாய் அடைப்பை எடுத்தார்கள், டிரைவர் பிழைத்துக்கொண்டார். திரும்பி வந்தபோது, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டக் கூடாது, இலகுவான வேலை தரலாம் என்று டாக்டரம்மா எழுதினார். வேறு எப்படி எழுத முடியும்? லோடோடு போகிறபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டால் அவரோடு பக்கத்தில் நிற்கிறவனும் போவான். ஹெச்.ஆரிடம் போய்ச் சண்டையே போட்டார். ஆனால் ஆளை அனுப்பிய காண்ட்ராக்டரிடம் இலகுவான வேலை என்று ஒன்று இல்லையாம். அதோடு அவருடைய வேலை முடிந்தது. எனக்குக் காண்ட்ராக்டர்மேல் ஆத்திரம் வந்தது, அந்த மனுஷன்மேலும் வந்தது. ஆடியிலிருந்து என் கையால்தானே கேஸ் மாத்திரை வாங்கிக்கொண்டு போனார். டாக்டரம்மா பிறகு யாரையும் நடிக்கக் கூப்பிடவில்லை. தேர்வுக்குக் கிளம்புகிறவரை என்னை மட்டும் நோயாளியாக வைத்துப் பழகிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை.

தேர்வு முடிந்த அன்று அங்கிருந்தே போன் செய்தார். ஓர் அறையில் நோயாளி ஒரு லாரி டிரைவராம். வலிப்பு வந்தவர், இனி வண்டி ஓட்டக் கூடாது என்று அவரிடம் சொல்ல வேண்டும். நடிகர் அழுதுவிட்டாராம்.

"நீங்க இன்னா சொன்னீங்க மேடம்?"

"சொல்ல வேண்டியதெல்லாம் சொன்னேன் சிஸ்டர். எவ்ளோ கஷ்டம்னு புரியுதுன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தேன். மணி அடிச்சதும் அந்த ஆள் கண்ணைத் தொடச்சிக்கிட்டு, அடுத்த ஆளுக்காக நிமிர்ந்து உக்காந்துட்டார்." பிறகு, "எனக்கு அசிங்கமா இருந்துது" என்றார். அழுகிறார் என்று குரலில் தெரிந்தது.

தேறிவிட்டார். அந்த அறையில்தான் மார்க் அதிகமாம். இங்கே வந்து மூட்டை கட்டிக்கொண்டு, டாக்டராகவே போனார். எனக்குச் சந்தோஷம்தான், அதில் பொய்யில்லை. இப்போது வந்திருக்கிற டாக்டர் யாரையும் எதுவும் கேட்பதில்லை. ஒண்ணும் இல்ல, போங்க என்பார். கேன்டீனில் அவருக்கு நல்ல பெயர்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வரும்போது, பென்னலூரில் வெளிமாநிலத் தொழிலாளிகள் தங்கியிருக்கிற ஒரு கட்டடத்து வாசலில் அந்த டிரைவரைப் பார்த்தேன். சின்ன வேனிலிருந்து தண்ணீர் கேன் இறக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முதலில் டாக்டரம்மாவைப் பற்றித்தான் கேட்டார்.

"அந்த மேடம் பாஸாய்ட்டாங்களா?"

"ஆய்ட்டாங்கண்ணா. அங்க பெரிய ஆஸ்பத்திரில கீறாங்க."

"நல்லா இருக்கட்டும்." மனசாரத்தான் சொன்னார். மகள் காலேஜில் சேர்ந்துவிட்டாள் என்றார்.

"மாத்திரையெல்லாம் போடறீங்களா? கேன் தூக்கசொல்ல இங்க எதுனா பண்ணுதா?" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.

"சேச்சே. இப்பல்லாம் ஒரு தொந்தரவும் கெடையாது சிஸ்டர்" என்று சிரித்துக்கொண்டே ஒரு கேனைத் தோளில் ஏற்றிக்கொண்டு படியேறினார். நான் போகாமல் நின்றேன். பாதிப் படியில் நின்று, சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். பிறகு நான் போய்விட்டேனா என்று திரும்பிப் பார்த்தார். நான் நிற்பது தெரிந்ததும் கையை எடுத்துவிட்டு, விறுவிறுவென்று மேலே ஏறிப் போனார்.