ஒரு காதில் பஸ், ஒரு காதில் அவள்

ஏற்காடு ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி போடுகிறவன் நான். பஜ்ஜிக்காரன் ஓடினால் ஊர் சும்மா இருக்குமா? முதல் நாள் தொப்பையைத் தூக்கிக்கொண்டு நான் ஓடியபோது, ஜீப் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர் ஒருவர், "ஏனுங்க, யாருங்க தொரத்தறாங்க?" என்று கேட்டார். "எண்ணெய்ச் சட்டிய அடுப்புல மறந்து வெச்சுட்டு வந்துட்டாருங்க போல" என்றார் பக்கத்தில் இருந்தவர். பதில் சொல்ல எனக்கு மூச்சு இல்லை. இருந்திருந்தால் நன்றாகக் கேட்டிருப்பேன்.

ஆசைப்பட்டு ஓடியவன் இல்லை நான். என் மனைவிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வாராவாரம் சேலத்துக்கு இறங்கி ஏறிக்கொண்டிருந்தோம். என் ரத்தமும் அவள் ரத்தமும் ஒரே வகை என்று தெரிந்தபோது, என் கிட்னியில் ஒன்றை எடுத்து அவளுக்கு வைத்துவிடுங்கள் என்றேன். டாக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றைத்தான் பார்த்தார். "இந்த எடையோட கத்தி வெக்க முடியாதுங்க. கொறச்சுட்டு வாங்க, பார்ப்போம்" என்றார். கோயமுத்தூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள், தான் தருவதாகச் சொன்னாள். என் மனைவி ஒத்துக்கொள்ளவே இல்லை. "கல்யாணம் கட்டிக் குடுக்கற புள்ளைய அறுத்து எனக்கு வெப்பீங்களா? அதுக்கு நான் போயே சேந்துக்கறேன்" என்றாள். ஆக, அவள் உயிர் என் தொப்பையில் வந்து நின்றது.

ஓடுவதைப் போல அலுப்பான வேலை உலகத்தில் கிடையாது. அதைப் பார்க்கும்போது வெங்காயம் உரிப்பது எவ்வளவோ மேல். பாட்டுக் கேட்டுக்கொண்டே ஓடுங்கள் என்று மகள் ஒயர் இல்லாத ஹெட்போன் ஒன்றை அனுப்பிவைத்தாள். கழுத்தில் மாலை மாதிரி கிடக்கும், இரண்டு பக்கமும் காதுக்கு ஒவ்வொரு குமிழ். பாட்டு எனக்குச் சரிப்படவில்லை. பாட்டு ஒரு தாளத்தில் போகும், என் கால் வேறொரு தாளத்தில் போகும், நடுவில் நான் கிடந்து அல்லாடுவேன். பாட்டை நிறுத்திவிட்டு, வெறும் குமிழைச் செருகிக்கொண்டு ஓடினேன்.

அப்படி ஒரு நாள் ஓடும்போது, ஹெட்போனுக்குள் இருக்கும் இங்கிலீஷ்காரி திடீரென்று "ஓடு, ஓடு" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நின்று நின்று ஓடுவதைக் கண்டுபிடித்து அதட்டுகிறாள் என்று நினைத்துக் கொஞ்ச தூரம் நிஜமாகவே வேகமாக ஓடினேன். அப்புறம்தான் விளங்கியது, போன் வந்திருக்கிறது, கூப்பிடுகிறவர் பெயரைத்தான் அவள் படிக்கிறாள். வீட்டு நம்பரை எங்கள் பேச்சுப்படி 'ஊடு' என்று இங்கிலீஷ் எழுத்தில் போட்டு வைத்திருந்தேன். இரண்டு ஓ போட வேண்டிய இடத்தில் ஒன்றுதான் போட்டிருக்கிறேன். அவள் அதை அப்படியே படித்துவிட்டாள்.

அழைத்தது என் மனைவி, கேஸ் லைட்டரை எங்கே வைத்தேன் என்று கேட்க. நடந்ததைச் சொன்னதும் சிரித்தாள் பாருங்கள், இருமல் வரும்வரை சிரித்தாள். மெஷினில் படுக்க ஆரம்பித்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. மறுநாளிலிருந்து ஒரு காரணமும் இல்லாமல் தினமும் கூப்பிட்டாள்.

"எங்க இருக்கீங்க?"

"போட் ஹவுஸ் தாண்டியாச்சு."

"தண்ணி தெரியுதுங்களா?"

"பனி. ஒண்ணுந் தெரியல."

"சரி, பாத்து ஓடுங்க. ஒரு காதுல மாட்டுனாப் போதும். இன்னொரு காதுல பஸ் சத்தம் கேக்கோணும்."

கல்யாணம் ஆன நாளிலிருந்து நாங்கள் பேசியதெல்லாம் கடலை மாவும் வாழைக்காயும்தான். வீட்டிலும் கடைப் பேச்சு, கடையிலும் கடைப் பேச்சு. இப்போது ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் அவள் சின்ன வயதில் யாரோடு சண்டை போட்டாள் என்பதிலிருந்து நான் பெண் பார்க்கப் போன அன்று என்னைப் பிடிக்கவில்லை என்பது வரைக்கும் சொன்னாள். வாசல் வரை நடக்க முடியாதவள், என் கூடவே கரையைச் சுற்றி வந்தாள். அந்த நாட்களில் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

எடை குறைந்தது. பேன்ட் இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்திக்கொண்டேன். ஜீப் டிரைவர்கள் கிண்டலை விட்டுவிட்டு, என்ன சாப்பிடுகிறேன் என்று விசாரித்தார்கள்.

ஒரு நாள் காலை, கிளியூர் போகும் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தேன். அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் யாரோ இரைப்பது கேட்டது. நான்தான் என்று நினைத்தேன். மேட்டில் ஓடுகிறவன் இரைக்காமல் என்ன செய்வான்? ஆனாலும் ஏதோ தோன்ற, நின்று வாயை மூடிக்கொண்டேன். இரைப்பு நிற்கவில்லை.

"என்ன பண்ணிட்டிருக்கற?"

"ஒண்ணும் பண்ணலீங்க. கட்டில்ல உக்காந்திருக்கேன்."

"மூச்சு வாங்குதே."

"அது நொம்ப நாளா இருக்குதுங்க. படுத்தா இன்னும் வாங்கும். நீங்க ஏன் நின்னுட்டீங்க?"

வீட்டில் டிவி ஓடும், மிக்சி ஓடும், கடையில் எண்ணெய் கொதிக்கும். பக்கத்தில் படுத்தும் கேட்காத சத்தத்தை இந்தக் கழுத்துக் கயிறு கொண்டுவந்து காதுக்குள் வைத்துவிட்டது. கழற்றிப் பள்ளத்தில் வீசிவிடலாம் போல ஆத்திரம் வந்தது. வீசவில்லை. அன்றைக்கே அவளைச் சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

இரண்டு பேருக்கும் ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். டாக்டர் முதலில் என்னுடையதைப் பார்த்தார். "பரவாயில்லையே, நல்லாக் கொறச்சிருக்கீங்க. சக்கரை, பிரஷர் எல்லாம் சரியா இருக்கு. தாராளமா எடுக்கலாம்" என்றார். நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். அப்புறம் அவளுடையதைப் பார்த்தார். அவள் இதயம் பலவீனமாகிவிட்டதாம். ஆபரேஷனைத் தாங்காதாம். "இனி வெச்சுப் பிரயோஜனம் இல்லீங்க. மெஷின்லயே எவ்வளவு நாள் போகுதோ போகட்டும்" என்றார். அவர் மேல் தப்பில்லை. யார் மேலும் இல்லை. அதுதான் தாங்கவில்லை, இருந்திருந்தால் பிடித்துத் திட்டவாவது செய்திருக்கலாம்.

ஏற்காடு திரும்ப, குப்பனூர் வழி பஸ்தான் கிடைத்தது. ஜன்னல் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். பஸ் மலை ஏறி வளைவில் திரும்பத் தொடங்கியதும் என் கையைப் பிடித்துப் பார்த்தாள். சட்டைக்குள் கை எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று பார்த்திருப்பாள்.

"ஏனுங்க, உடம்பு நல்லா ஆயிருச்சுன்னு டாக்டரே சொன்னாரில்லீங்க. ஓட்டத்த உட்றாதீங்க. நீங்க இன்னும் நொம்ப நாளைக்கு இருப்பீங்க."

அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். அவ்வளவு நாளையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று கேட்க வந்தேன். அதற்குள் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்துவிட்டது. பிளாஸ்டிக் கவரை விரித்து அவள் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டேன்.