தேங்காய் எண்ணெய் தடவிய புறாவோடு ஜனக்புரியிலிருந்து சாந்தினி சவுக் வரை

ஆகஸ்டில் சுதந்திர தினத்தையொட்டி டெல்லி முழுக்கப் பட்டம் விடுவார்கள். அந்த வாரம் எங்கள் ஜனக்புரி பால்கனியில் ஒரு புறா வந்து விழுந்தது. கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூல் அதன் வலது சிறகில் நாலு இறகைப் பாதியில் வெட்டி, மூன்றை வேரோடு பிடுங்கியிருந்தது. நம் வீட்டில் முடி வளர என்ன செய்வோமோ அதையே நானும் செய்தேன். பத்து நாள், தினமும் காலையில் தேங்காய் எண்ணெய். புறா தேறுவதற்குப் பதில் நடுங்க ஆரம்பித்தது. செத்துத் தொலைந்துவிடுமோ என்ற பயத்தில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன்.

மெட்ரோவில் பறவைகளை ஏற்ற மாட்டார்கள், ஆட்டோதான். காலை 8.10க்குக் கிளம்பி, இருபது கிலோமீட்டர், 280 ரூபாய், செங்கோட்டைக்கு எதிரே இறங்கும்போது மணி 9.15. அட்டைப்பெட்டியில் என்ன சாப்பாடு, வாசனை தூக்குகிறதே என்று ஆட்டோக்கார அண்ணன் கேட்டார். புறா என்றதும் பள்ளம் பார்த்து ஓட்டினார், புண்ணியவான்.

அங்கே இருக்கும் ஜைனக் கோயில் வளாகத்துப் பறவை மருத்துவமனையில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். டாக்டர் புறாவை வாங்கியதும் விரலை முகர்ந்து பார்த்தார்.

"மதராஸியா?"

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எண்ணெய் பட்டால் இறகுகள் ஒட்டிக்கொண்டு உடம்புச் சூடே நிற்காதாம். நடுக்கத்துக்குக் காரணம் நான்தான்.

பாதியில் வெட்டுப்பட்ட இறகு நகநுனி மாதிரி உயிரில்லாதது, தானாக உதிரும்வரை அப்படியேதான் நிற்கும் என்றார். பிறகு வேரோடு போன இடத்தை விலக்கிக் காட்டினார். அடேயப்பா! மூன்று நீலநிறக் குருத்துகள், உள்ளே ரத்தம் ஓட. இறகுக்குழியின் அடியில் ஒரு பொடித் திசு இருக்கிறதாம். இறகு போனதும் அங்கிருந்து ஸ்டெம் செல்களுக்குப் புரதங்கள் வழியாகச் சேதி போகிறது. விண்ட் என்ற புரதம் வளரச் சொல்கிறது, பிஎம்பி என்பது அதை அடக்கிப் பிடிக்கிறது. இந்த இழுபறியில்தான் தண்டு எங்கே, கிளை எங்கே என்று முடிவாகிறதாம். நான் மேலே எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த அதே நேரத்தில் உள்ளே இத்தனை பேச்சு நடந்திருக்கிறது!

"பறக்குமா, டாக்டர்?"

"அந்த மூன்றும் முழுசாக வந்தால் பறக்கும். ஆறு வாரம் இங்கே இருக்கட்டும்."

ஆறு வாரம் கழித்து மெட்ரோவிலேயே போனேன், 43 ரூபாய், ராஜீவ் சவுக்கில் ஒரே ஒரு மாற்றம். டாக்டர் சிறகை விரித்துக் காட்டினார். பழைய இறகுகளில் ஓடிய கறுப்புப் பட்டை புது இறகுகளிலும் அதே இடத்தில், கோடு பிசகாமல் ஓடியது. எந்த இறகு எங்கே கறுக்க வேண்டும் என்பதுகூட அந்தக் குழிக்குத் தெரிந்திருக்கிறது.

மொட்டைமாடியில் என் கையிலேயே கொடுத்தார். விரல்களைத் திறந்தேன். கொஞ்சம் சாய்ந்து, நிமிர்ந்து, செங்கோட்டைப் பக்கம் போய்விட்டது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அழுதுவிட்டேன்.

அடிபட்ட பறவை கிடைத்தால் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, உள்ளே பழைய துணி, அவ்வளவுதான். என்னைப் போலப் பத்து நாள் காத்திருக்காமல் அன்றைக்கே கிளம்பிவிடுங்கள். எண்ணெய் உங்கள் தலைக்கு மட்டும்.